உட்கார்ந்து பார்க்கச் சொன்னவள்

எங்கள் ஆபீஸில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தவள் அவள்தான். யாராவது புதுப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடினால், "அத்த எதுக்குத் தேடுற? நின்னுக்கினு பாத்தா எல்லாப் பேண்ட்டும் நல்லாத்தான் இருக்கும். உக்காரு" என்பாள். நாற்காலியில் இல்லை, தரையில். முதலில் சப்பணம் போட்டு, பிறகு குந்தி, பிறகு ஒரு காலை நீட்டி. எதிரில் தானும் உட்கார்ந்துகொண்டு, "இப்ப சொல்லு, எங்க இறுக்கிப் புடிக்குது?" என்று கேட்பாள். திருட்டு நடந்த வீட்டில் போலீஸ்காரர் விசாரிப்பது போல இருக்கும். சந்தேகமெல்லாம் பேண்ட்டின் மேல்தான், போட்டிருப்பவர் மேல் ஒருநாளும் இல்லை.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் போன் போட்டு, "உனக்கு வேற வேல இல்லியாக்கா?" என்று கத்துவாள். இப்போது திருப்பூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி. அங்கே எத்தனை பேரைத் தரையில் உட்கார வைக்கிறாளோ தெரியவில்லை.

தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. சனி, ஞாயிறு போட்டுக்கொள்கிற தொளதொள பேண்ட்டுகள் தைத்து ஆன்லைனில் விற்போம். மருந்தடிக்காமல் விளைந்த பருத்தி, செடிகொடியிலிருந்து எடுத்த சாயம், வெட்டி மிஞ்சிய துணியில் பை. வாரம் முழுக்க இறுக்கமான ஜீன்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் காய்ந்து கிடப்பவர்கள் இரண்டு நாளாவது மூச்சு விடட்டும் என்று எங்கள் முதலாளி ஆரம்பித்தது. அவரும் அப்படிக் காய்ந்து கிடந்து வேலையை விட்டவர்தான். மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். நான் திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்து, என்ன காரணம் என்று பார்த்து, மாற்று அனுப்பும் வேலையில் இருந்தேன்.

அவள் வருவதற்கு முன்னால் நடந்த கூத்து ஒன்று உண்டு. புது மாடல் ஒன்றை ஆபீஸில் எல்லோரும் போட்டுப் பார்த்தோம். எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டார். தமிழ் பேசுகிறவர்கள் "பரவாயில்ல சார்" என்றோம். கன்னடம் பேசுகிறவர்கள் "பர்வாகில்லா சார்" என்றார்கள். எல்லோருக்கும் கவட்டுப் பக்கம் தையல் உறுத்தியது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி மனம் நோகக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். மொத்தமாக வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார். அனுப்பியதில் பாதிக்கு மேல் என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அளவு பார்க்கவென்றே அவளை வேலைக்கு எடுத்தார்.

வந்த முதல் நாளே, "இங்க யாரும் பரவாயில்லன்னு சொல்லக்கூடாது. நல்லா இருந்தா நல்லாருக்குன்னு சொல்லு. புடிச்சா புடிக்குதுன்னு சொல்லு. நடுவுல ஒண்ணும் கெடையாது" என்று சட்டம் போட்டாள். முதலாளிக்கும் அதே சட்டம்தான். இந்த ஊரில் பஸ்ஸில் இடம் கேட்பதிலிருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்ற ஒரே வாக்கியத்தில் காரியம் நடந்துவிடும். கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்று அர்த்தம். அவளிடம் மட்டும் அது நடக்காது. "பேண்ட்டுதான் சார் அட்ஜஸ்ட் ஆவணும், ஆளு இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள்.

எனக்குப் பல வயது இளையவள். முப்பது தாண்டியிருந்தால் அதிகம். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவாள். பையப்பனஹள்ளியில் இறங்கி, பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். ரயிலில் அவளுக்கு எப்போதும் சீட் கிடைக்காது. கதவு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து வருவாள். "ரெண்டு மணி நேரம் கீழ குந்திக்கினு வந்து பாரு. எந்தப் பேண்ட்டு நல்லது, எது துரோகின்னு தெரிஞ்சிரும்" என்பாள். அவள் பேண்ட்டில் பெரிய பெரிய பாக்கெட்டுகள் இருக்கும். ஒன்றில் சாக்குக்கட்டி, ஒன்றில் வேர்க்கடலை. சில நாள் மாற்றிக் கையை விட்டுச் சாக்குக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வாள்.

எங்கள் பேண்ட் மண்ணுக்கு நல்லது, தண்ணீருக்கு நல்லது என்று முதலாளி பெருமையாகப் பேசும்போது பொறுமையாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார். இடுப்ப நெரிச்சா எவன் ரெண்டாவது தடவ போடுவான்? பீரோல கெடக்கும். அப்ப அதுவும் குப்பதானே?" என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். அவள் சொன்னதை மறுநாள் யாரிடமாவது தன் யோசனை மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

திரும்பி வரும் பார்சல்களில் சிலர் துண்டுச் சீட்டு வைத்திருப்பார்கள். பிரேசர் டவுனிலிருந்து ஒரு பெரியவர், "பேண்ட்டில் குறையில்லை. என் தொப்பைதான் காரணம். சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று அழகான தமிழில் எழுதியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே அவளிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"சார், பேண்ட்டு கம்பெனிலருந்து பேசுறேன். நீங்க எதுக்கு சார் மன்னிப்பு கேக்குறீங்க? உங்க வயிறு உங்க வீட்டு வயிறு. அதுக்கு ஏத்த மாதிரி தைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். உக்காந்தா எங்க புடிக்குது, அத்த மட்டும் சொல்லுங்க."

அவர் முதலில் தயங்கினார். பிறகு சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வாலிப வயதிலிருந்து போட்ட எல்லாப் பேண்ட்டுகளின் மேலும் இருந்த ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்தார். அவருக்கென்று இடுப்புப் பட்டையை மாற்றித் தைத்து அனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒரு டப்பா கல்கல் பலகாரம் வந்தது.

உடம்பின் மேல் பழி போடுவது அவளுக்குப் பிடிக்காது. யாராவது கண்ணாடி பார்த்து, "வெயிட் போட்டுட்டேன்" என்று சொன்னால் போதும், "உடம்பு மேல தப்பு சொல்லாத. துணி மேல சொல்லு. துணிக்கு வலிக்காது" என்று பாய்வாள். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பியதும் அதனால்தான்.

போட்டுப் பார்ப்பதற்கென்று ஏஜென்சியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஒல்லியாக, பார்க்க அழகாக இருந்தாள். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். "நல்ல பொண்ணு சார். ஆனா அதுக்கு எங்கயுமே புடிக்க மாட்டேங்குது. புடிச்சாத்தானே எனக்கு வேல?" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே திரும்பியவள் கண்ணில் நான் பட்டேன். கீழே குந்தி உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எழுந்திரு. இல்ல இல்ல, எழுந்திருக்காத. அப்படியே இரு."

அப்படித்தான் நாற்பது தாண்டிய, இரண்டு பிள்ளைகளை ஆபரேஷனில் பெற்ற நான், கம்பெனியின் அளவு பார்க்கும் ஆள் ஆனேன். திருப்பத்தூரில் பாவாடை தாவணி, இங்கே வந்து புடவை, அப்புறம் சுடிதார். பேண்ட் என்பதைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டதோடு சரி. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ போட்டு உனக்கு சரியா இருந்தா, ஊர்ல பாதிப் பேருக்கு சரியா இருக்கும்க்கா" என்றாள். அது பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அன்று ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அவள் முறை இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிள் பேண்ட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் போட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து எங்கே பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

"பாத்திரம் கழுவு, துணி துவை, பரண் மேல ஏறு. எல்லாம் முடிஞ்சதும் அரை மணி நேரம் சும்மா உக்காரு."

"சும்மாவா?"

"சும்மாதான். டிவி இல்ல, போன் இல்ல. கீரை ஆயக்கூடாது."

"அது எதுக்கு? வேல செய்யறப்பவே தெரிஞ்சிடும்ல?"

"ஞாயித்துக்கிழம போடுற பேண்ட்டுன்னு பேர் வெச்சு விக்கிறோம்க்கா. சும்மா உக்காந்து பாக்காம எப்படித் தெரியும்?"

முதல் ஞாயிறு நான் பேண்ட்டுடன் கதவைத் திறந்ததும் என் கணவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஆபீஸ்களுக்கு வண்டி ஓட்டுகிறவர், காலை டிரிப் முடித்து வந்திருந்தார். "வீட்ல அம்மா இல்லீங்களா?" என்று என்னையே கேட்டார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று ராத்திரியே, ஆம்பளைங்களுக்கும் இந்தத் துணியில் வருமா என்று அவர் விசாரித்தது வேறு விஷயம்.

வேலை செய்வது சுலபமாக இருந்தது. சும்மா உட்காருவதுதான் என்னால் முடியவில்லை. உட்கார்ந்தால் கை தானாக எதையாவது தேடும். அம்மாவுக்குக் காய்ச்சலா என்று பையன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை அவளிடம், பாதியில் குக்கர் விசில் அடித்தது என்று சொன்னேன். "குக்கர அணைச்சிட்டு உக்காரு. இல்ல, சோத்தையே கடைல வாங்கு" என்று அதே பேண்ட்டைத் திரும்பக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். கல்யாணமானதிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை. காற்று வந்தது. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ கம்பளி காயப் போட்டிருந்தார்கள். உடம்பு ஓய்ந்ததும் அடிவயிற்றில் இடது பக்கம் ஏதோ அழுத்துவது தெரிந்தது. புதிதில்லை. ரொம்ப வருஷமாக இருப்பதுதான். கேஸ் டிரபிள் என்று தெரு முனை கிளினிக்கில் சொன்னார்கள். வயசாகுதில்ல என்று என் அக்கா சொன்னாள். ஒன்றுமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். வேலை மும்முரத்தில் அது தெரியாது. உட்கார்ந்தபோது தெரிந்தது. சரி, இதுதான் பேண்ட் பிடிப்பது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, "இடது பக்கம் புடிக்குது" என்றேன்.

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இப்படிச் சொல்லுக்கா!" என்று அங்கேயே தையலைப் பிரித்தாள். இடது பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரமும் பிடித்தது. மறுபடி பிரித்தாள். இடுப்புப் பட்டையையே மாற்றினாள். அதற்கடுத்த வாரமும் பிடித்தது. அதே மாடலைப் போட்டுப் பார்த்த ஆபீஸின் மற்ற பெண்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. முதலாளி வந்து, தீபாவளிக்கு முன்னால் விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்று கெஞ்சினார். "ஒருத்தருக்குத்தானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. என்னால் ஒரு கம்பெனி காத்திருப்பதா? "பரவாயில்லம்மா, போட்டுக்கலாம். விடு" என்றேன்.

அவள் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். "அக்கா, நீ புடிக்குதுன்னு சொன்ன. சொன்னா சொன்னதுதான். அவங்களுக்குப் புடிக்கல, உனக்குப் புடிக்குது. உனக்கு ஏன்னு நான் கண்டுபிடிக்கணும். சார், நீங்க போங்க."

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பேண்ட்டைப் பிரித்து, மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் திடீரென்று, "அக்கா, அத்த உள் பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கினு வா" என்றாள். தையலும் பிசிறும் வெளியே தெரிய, பாக்கெட் பைகள் இரண்டு பக்கமும் நாய்க் காது மாதிரித் தொங்க, கோமாளி போல வந்து நின்றேன். உட்காரச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப?"

"இடது பக்கம்தான்."

"நல்லா பாத்து சொல்லுக்கா. வலது பக்கம் இல்லியே?"

"இல்ல. இடதுதான்."

திருப்பிப் போட்டால் வலது கால் துணி இடது காலுக்கு வந்துவிடும் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் பிரித்துப் பிரித்துத் தளர்த்திய பக்கம் இப்போது என் வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் வந்திருந்தது அவள் கையே வைக்காத துணி. துணி மாறியும் வலி இடம் மாறவில்லை.

"அக்கா" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "தப்பு துணில இல்ல."

தப்பு துணியில்தான் என்று எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. என் வயிற்றைத்தானே சொல்கிறாள் என்று முகம் சுருங்கிவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள். "எத்தினி நாளா இருக்குது இது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் எழுந்து ஆட்டோ கூப்பிடப் போய்விட்டாள். மாற்றிக்கொள்ளக்கூட விடமாட்டாளோ என்று பயந்து, அவசர அவசரமாகச் சுடிதாரை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ரொம்ப நேரம் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இடது சூலகத்தில் மாதுளம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. உடனே எடுக்க வேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார். கெட்டது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பையன் அப்போது எட்டாவது, மகள் பத்தாவது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதை மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வண்டியை விட்டுவிட்டு வரும்வரை அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய ரயில் போய்விட்டது. விவேக் நகரில் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொண்டு, காலையில் மறுபடி வந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. ரிசல்ட் வர நாளானது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. முதலாளி பழங்களோடு வந்து பார்த்தார். பேண்ட் தீபாவளிக்கு வரவில்லை. அதற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர், அந்த நல்ல மனுஷனையும் மறக்கமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை டாக்டரம்மா ரிசல்ட்டுடன் வந்தார். கெட்டதில்லை, ஆனால் கெட்டதாக மாறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது, முழுசாக எடுத்தாகிவிட்டது என்றார். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். "இவ வலிக்குதுன்னு சொன்னப்பெல்லாம் சோடா வாங்கிக் குடுத்தேன்மா, சோடா" என்று அவளிடம்தான் சொல்லி அழுதார்.

அவள் அவரைத் தேற்றவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "நீங்களாவது சோடா வாங்கிக் குடுத்தீங்கண்ணா. நான் இன்னா பண்ணேன்? வாரா வாரம் துணியத் தளத்தித் தளத்தி வீட்டுக்கு அனுப்பினேன். அது உள்ள வளந்துக்கினு இருந்துது, நான் அதுக்கு எடம் விட்டுத் தெச்சுக்கினு இருந்தேன். மொத வாரமே கூட்டியாந்திருக்கணும்க்கா. என்னை மன்னிச்சிரு."

தையல் போட்ட வயிறு, பேசினால் இழுக்கும். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன்.

"இத்தன வருஷமா நான் சொல்லாத ஆள் இல்ல. எல்லாரும் என்னை சமாதானம்தான் பண்ணாங்க. நீ ஒருத்திதான் நான் சொன்னது நெசம்னு நல்ல துணிய எடுத்து பிரிச்ச. மறுபடி சொன்னேன், மறுபடி பிரிச்ச. உனக்குக் கோவமே வரல. ஒரு தடவ நீ, ‘அதெல்லாம் சரியாத்தான் இருக்குதுக்கா’ன்னு சொல்லியிருந்தா, நானும் ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிருப்பேன்."

என் உடம்பு சொன்னதை நான் நம்புவதற்கு முன்னால் அவள் நம்பினாள். இன்று என் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள் என்றால், அது அவளால்தான்.